குளித்ததும் படுத்துக்கொண்ட நாட்கள்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் இருக்கும். காலை எட்டரைக்குக் குளிக்கப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி வலது கையால் மட்டும் சோப்பு போட்டு, தண்ணீர் ஊற்றி, துவட்டி, எழுந்து, சட்டையை மாட்டி வெளியே வரும்போது ஒன்பதேகால். கட்டிலில் சாய்ந்தவன் கண் விழித்தது பன்னிரண்டு மணிக்கு. நடுவில் இரண்டு முறை மனைவி வந்து மூக்குக்குக் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாளாம். அதை அவள் சொன்னதே ஒரு வருஷம் கழித்துத்தான்.

அப்போது எனக்கு வயது 53. பக்கவாதம். மூளையின் வலது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, உடம்பின் இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு தப்பித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "கை எப்படி இருக்கு? விரல் மடங்குதா?" நானும் மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி விரலை மடக்கிக் காட்டுவேன். ஒரு குளியலுக்கு மூன்று மணி நேரத் தூக்கம் செலவாகிறது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கால் சரியானால் அதுவும் தானாகப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதம், பிசியோதெரபி செய்யும் பெண் என்னை நீளமான ஒரு வராந்தாவுக்கு அழைத்துப் போனார். 30 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் கூம்பு வைத்திருந்தார். ஆறு நிமிட நடைச் சோதனை. "எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடங்க சார். ஓட வேண்டாம். முடியலன்னா நின்னுக்கலாம், சுவத்துல சாஞ்சுக்கலாம். ஆனா கடிகாரத்த நிறுத்த மாட்டேன்."

முதல் 30 மீட்டரைக் கௌரவமாகக் கடந்தேன். திரும்பும்போது இடது பாதம் தரையை உரச ஆரம்பித்தது. மூன்றாவது தடவையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு இடத்தில் நின்றேன். சாய்ந்து நிற்கும்போது என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. மணி அடித்தபோது 168 மீட்டர். அதை எழுதிக்கொண்டே அவர் கேட்டார்: "நின்னீங்களே சார், எதனால நின்னீங்க? காலா, மூச்சா?"

யோசித்துப் பார்த்தேன். கால் மடங்கவில்லை, வலிக்கவில்லை. மூச்சுதான் முதலில் கைவிரித்தது. "மூச்சும்மா," என்றேன். "அப்ப காலுக்கு மட்டும் வேலை குடுத்தா போதாது," என்றார். மூன்று மாதமாக விரலையும் முழங்காலையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. போனது கை கால் மட்டுமில்லை. தெம்பும் சேர்ந்து போயிருந்தது.

அவர் கணக்குப் போட்டே காட்டினார். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லி ஆக்சிஜன் செலவழிக்கிறது. யார் உதவியும் இல்லாமல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள, உச்சபட்சமாக 15 முதல் 18 மில்லி வரையாவது எடுக்கிற சக்தி வேண்டும் என்பார்கள். பக்கவாதம் வந்தவர்களை அளந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அந்த உச்சம் ஆளுக்கு ஆள் மாறி 8 முதல் 22 வரை நிற்கிறது. வரவு இப்படிக் குறைந்த வீட்டில் செலவு வேறு கூடிவிடுகிறது. காலை வீசி, இடுப்பைத் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும்போது, அதே தூரத்துக்கு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு சக்தி போகிறது, சிலருக்கு இரண்டு மடங்குகூட. மற்றவர்களுக்குச் சும்மா நடப்பதாகத் தெரிவது எனக்கு மலையேற்றத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குளியலும் அப்படித்தான்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி வடியும் என்று எனக்கு ஆச்சரியம். அதற்கு அவர் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னார். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆரோக்கியமான ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய உச்சபட்சத் திறன் கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி அளந்தால், முப்பது வருட வயோதிகம் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகமாக இருந்தது! இருபது வயதுக்காரர்களுக்கே இந்தக் கதி. எனக்கோ பி.பி., சர்க்கரை, இருபத்தைந்து வருட நாற்காலி உத்தியோகம், அதற்கு மேல் இரண்டு மாதக் கட்டில். பாதித்த காலில் தசை இளைத்துப் போவதோடு, நெடுநேரம் தாக்குப்பிடிக்கிற வகைத் தசை இழைகளும் குறைகின்றனவாம். இடது தொடையைச் சுற்றி டேப் வைத்துப் பார்த்தேன். வலதைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு.

இதைக் கேட்டதும், "முதல் நாளே எழுப்பி நடக்கவிட்டிருக்கணும்" என்று உறவினர் ஒருவர் ஆரம்பித்தார். என் மனைவி அதைக் கேட்டு ஒரு வாரம் முகம் வாடிக் கிடந்தாள். இதே மனக்குறை உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தீவிரமாக எழுப்பி நடமாட வைப்பதை 2,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள்தான் சற்று நன்றாக இருந்தார்கள். அதனால் அந்த முதல் நாளை நினைத்து யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

சரி, எப்படி ஆரம்பித்தேன் என்பதற்கு வருகிறேன். முதலில் டாக்டர். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வந்தவருக்கு இதயத்திலும் அடைப்பு இருக்க வாய்ப்பு உண்டு. ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும்போதே உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு அனுமதி கிடைத்தது. பி.பி. எவ்வளவுக்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது என்று ஒரு எண்ணையும் எழுதிக்கொடுத்தார். அந்த எண் என்னுடையது, அதை இங்கே சொல்லிப் பயனில்லை. உங்களுடையதை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

மகன் கைக்கடிகாரம் ஒன்று வாங்கி வந்தான், நாடித்துடிப்பு காட்டும் வகை. அது எனக்கு உதவவில்லை. நான் எடுத்துக்கொள்ளும் பி.பி. மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை. அது நாடியை ஏறவிடாது. மூச்சு முட்டும்போதும் கடிகாரம் 88 காட்டும். அதை நம்பியிருந்தால் 'இன்னும் கொஞ்சம்' என்று ஓட்டிக் கெடுத்திருப்பேன். பதிலுக்குப் பிசியோ ஓர் அட்டை கொடுத்தார். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல். 6-இல் ஆரம்பித்து 20-இல் முடியும். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி ஓர் அடிகூட முடியாது என்பது. நம் சிரமத்தை நாமே எண்ணாகச் சொல்ல வேண்டும். 11 முதல் 14 வரை எனக்கு அனுமதி. அட்டை கையில் இல்லாதபோது இன்னும் எளிய வழி: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் சரி. பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும். மனைவி கூடவே நடந்து ஏதாவது கேட்டுக்கொண்டே வருவாள். என் பதில் "ம்" என்று சுருங்கிய உடனே உட்காரவைத்துவிடுவாள்.

முதல் வாரத்தில் மூன்று நிமிடம் நடை, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு தடவை. வீட்டுக்கூடத்தில் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு. தொடர்ந்து பன்னிரண்டு நிமிடம் என்னால் நடந்திருக்கவே முடியாது. துண்டு துண்டாகப் போட்டபோது அதே பன்னிரண்டு நிமிடம் கைக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நடையில் ஒரு நிமிடம் கூட்டினோம். வாரத்தில் ஐந்து நாள். அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: வாரத்தில் 3 முதல் 5 நாள், 20 முதல் 60 நிமிடம், அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம்.

நடையைவிட எனக்கு அதிகம் கொடுத்தது நாற்காலிதான். உட்கார்ந்து எழுவது. இதை யாரும் பயிற்சி என்றே மதிப்பதில்லை, ஏனென்றால் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனை தடவை எழுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கட்டில், கழிப்பறை, குளியல் ஸ்டூல், சாப்பாட்டு மேசை, வண்டி. ஆரம்பத்தில் நான் எழுந்த விதம் இப்படி: வலது காலைப் பின்னால் இழுத்து, வலது கையால் கைப்பிடியை அமுக்கி, 'தம்' பிடித்து ஒரே எக்கு. இடது கால் முன்னால் சும்மா கிடக்கும். அந்தக் கால் எழுவதற்கு வேலையே செய்யவில்லை, கூட வந்தது, அவ்வளவுதான்.

பிசியோ முதலில் நாற்காலியில் கெட்டியான இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினார். அப்புறம் இடது பாதத்தை வலதைவிட ஒரு கைப்பிடி அளவு பின்னால் தள்ளி வைத்தார். பின்னால் இருக்கும் கால்மேல்தான் பாரம் அதிகம் விழும். அதனால் இடது காலால் ஏமாற்ற முடியாது. மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, எழும்போது வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணினால் மூச்சைப் பிடிக்க முடியாது. மூச்சைப் பிடித்து எக்கினால் பி.பி. சட்டென்று ஏறும், எங்களைப் போன்றவர்களுக்கு அது ஆகாது. முதல் நாள் ஐந்து. இடது தொடை நடுங்கியது, சந்தோஷமாகவும் இருந்தது, ஏனென்றால் நடுங்குகிறது என்றால் வேலை செய்கிறது. பத்து ஆனதும் ஒரு தலையணையை எடுத்தார். பதினைந்து ஆனதும் இன்னொன்று. ஐந்து மாதத்தில் சாதாரண நாற்காலியில், கையை ஊன்றாமல், பத்துப் பத்தாக மூன்று தடவை. பக்கத்தில் எப்போதும் சுவரோ மேசையோ இருக்கும். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பின்னால் வழுக்கும். எனக்கு ஒரு தடவை வழுக்கியது.

மகனுக்கு ட்ரெட்மில் வாங்க ஆசை. பிசியோ தடுத்தார். நடக்க முடியாதவர்களைப் பட்டையில் தொங்கவிட்டு ட்ரெட்மில்லில் நடக்க வைக்கும் முறையையும், பிசியோ வீட்டுக்கே வந்து தசைபலம், சமநிலை என்று பழக்கும் முறையையும் 408 பேரிடம் ஒப்பிட்டு, 2011-இல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் முன்னேற்றம் ஒன்றுதான். அதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. இரண்டாம் மாதத்தில் ட்ரெட்மில் ஏறியவர்களும் ஆறாம் மாதத்தில் ஏறியவர்களும் ஒரு வருடத்தில் ஒரே இடத்துக்கு வந்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றும் வராது என்று என்னிடம் அடித்துச் சொன்னவர்கள் உண்டு. நரம்பு தானாகத் தேறுவது முதல் சில மாதங்களில்தான் அதிகம், அது உண்மை. ஆனால் தெம்புக்கு அந்தக் காலக்கெடு இல்லை. அது தசை, இதயம், நுரையீரல் சம்பந்தப்பட்டது. எந்த வருடம் வேலை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது மாதப் பயிற்சியில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு நாள் காலையில் எழும்போதே உடம்பு இலேசாக இருந்தது. சரி, இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கி, வெளியே நாற்பது நிமிடம் நடந்து, வந்து குளித்தேன். மாலையில் இடது கால் கட்டையாக விறைத்துக்கொண்டது. பாதம் தானாகத் தடதடவென்று ஆடியது. அடுத்த இரண்டு நாள் கட்டில்தான். மூன்றாம் நாள் ஆரம்பித்தபோது பழைய மூன்று நிமிடத்துக்கே இறங்க வேண்டியிருந்தது. நல்ல நாளில் அடக்கி வாசிப்பதுதான் கெட்ட நாளில் செய்வதைவிடக் கஷ்டம் என்று தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு நோட்டில் மூன்றே பத்தி போட்டேன்: என்ன செய்தேன், அட்டையில் எத்தனை, மறுநாள் காலை எப்படி இருந்தது. மூன்றாவது பத்திதான் முக்கியம். மறுநாள் காலை அசதியாக இருந்தால் முந்தைய நாள் அதிகம்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பயிற்சி இல்லாததால் வரும் களைப்பு வேறு, பக்கவாதத்துக்குப் பிறகு வரும் அசதி வேறு. முதலாவது, வேலை செய்தால் வரும், ஓய்வெடுத்தால் போகும். இரண்டாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே போர்வை மாதிரி வந்து மூடும், தூங்கி எழுந்தாலும் போகாது. எனக்கு இரண்டும் இருந்தது. பயிற்சி முதலாவதை நன்றாகக் குறைத்தது. இரண்டாவதை ஓரளவுதான். அதற்கு நாளைத் திட்டமிடுவதுதான் மருந்து. பயிற்சி காலையில், குளியல் மாலையில். இரண்டையும் ஒட்டி வைத்துக்கொள்வதில்லை. உட்கார்ந்து செய்ய முடிந்ததை நின்று செய்வதில்லை. சட்டையில் முதலில் இடது கை, கழற்றும்போது கடைசியில் இடது கை. அசதியோடு மனமும் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் போனால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில், கைத்தடி நல்ல கையில். இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள், பதற்றத்தில் மறந்துபோகும். நான் நிலைக்கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன்.

இடது தோள் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஓர் இடத்தில் உதவிக்கு இருந்தவர் என்னைக் கட்டிலிலிருந்து எழுப்ப இடது கையைப் பிடித்து இழுத்தார். தசை பிடிமானம் இல்லாத தோள் அது, சும்மாவே கீழே இறங்கித் தொங்கும். நாலு மாதம் வலி. படுக்கும் பக்கத்தை மாற்ற முடியாமல் தூக்கம் போய், தூக்கம் போனதால் மறுநாள் நடையும் போனது. வீட்டில் யார் எழுப்பினாலும் கையைப் பிடிக்க வேண்டாம். இடுப்பைப் பிடியுங்கள், அல்லது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துத் தாங்குங்கள்.

பதமாக உதவுவது எப்படி என்பதில் என் மனைவிக்கும் எனக்கும் சண்டைகூட வந்திருக்கிறது. நான் துண்டைக் கொடியில் போட ஐந்து நிமிடம் ஆகும். வலது கையால் வீச வேண்டும், அது ஒரு பக்கம் வழுக்கி விழும், குனிந்து எடுக்க வேண்டும், மறுபடி வீச வேண்டும். அவளுக்குப் பார்க்கப் பொறுக்காது. வாங்கிப் போட்டுவிடுவாள். பிசியோவிடம் முறையிட்டேன். "அவர் குனிஞ்சு நிமிர்றதுதான்மா பயிற்சி. துண்டு போய் விழட்டுமே," என்றார். அதிலிருந்து நான் துண்டோடு வந்தால் அவள் வேறு அறைக்குப் போய்விடுவாள்.

நான்காவது மாதப் பயிற்சியின் முடிவில் அதே வராந்தா, அதே கூம்புகள்: 247 மீட்டர், நிற்காமல். ஒரு வருடம் கழித்து 305. வினாடிக்கு 0.8 மீட்டரைத் தாண்டினால் வெளியே தாராளமாகப் போய்வரலாம் என்று ஒரு கணக்கு உண்டு. நான் அதைச் சற்றே தாண்டியிருந்தேன். கை? இடது கைக்கு இன்னும் பொத்தான் போடத் தெரியாது. தொடை சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் மீதி இருக்கிறது. குளிக்க அதே நாற்பத்தைந்து நிமிடம் ஆவதில்லை, இருபத்தைந்து ஆகிறது. குளித்துவிட்டு நான் படுப்பதில்லை.

இப்போது பழகிக்கொண்டிருப்பது வேறு. போன மாதம் நடந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. பையில் கைவிட்ட அதே நொடியில் இடது பாதம் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை. ஆனால் நடையை யோசித்து யோசித்து நடக்கிற ஆளுக்கு இன்னொரு வேலை கொடுத்தால் இரண்டும் கெடும் என்று புரிந்தது. இப்போதைக்கு வெளியே போனால் போன் அடித்தால் முதலில் நிற்பேன், அப்புறம்தான் எடுப்பேன். வீட்டில், மனைவி பக்கத்தில் வர, ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, சமையலறையிலிருந்து கூடம் வரை நடக்கிறேன். முதல் நாள் தரையெல்லாம் தண்ணீர். நேற்று பாதி டம்ளர் வந்து சேர்ந்தது.